உப்பளக் கரைக்கு ஒரு சைக்கிள்

எந்த டயர் நல்ல டயர் என்று என்னிடம் இன்னும் கேட்கிறார்கள். திருவொற்றியூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடை வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி. சுவரில் மாட்டியிருக்கும் சைக்கிள்களின் டயரில் டிராக்டர் டயர் மாதிரி பல் பல்லாக இருக்கிறது. மலையில் ஓட்டுகிற சைக்கிளாம். அங்கே வேலை பார்க்கிற இரண்டு மெக்கானிக்குகள், நான் பழைய ஆள் என்று யாரோ சொல்லிக் கேட்டு, ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அகல டயர் போடலாமா, ரிம் மாற்றலாமா, பிரேக் மாற்றலாமா என்று கேட்கிறார்களாம். ஆளுக்கொன்று சொல்கிறார்களாம், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றார்கள். எனக்குப் பிலோமினா அக்காவின் ஞாபகம்தான் வந்தது. அன்று அவர்களிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ராயபுரத்தில் கரீம் பாய் கடையில் நான் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. முதலில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு வீல் நடுவில் இருக்கிற ஹப்பைப் பிரித்து கிரீஸ் வைத்தேன். வெகுகாலம் கழித்துத்தான் வீலில் கை வைக்க விட்டார். எல்லாக் கடையிலும் அப்படித்தான், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கனத்த உடம்பு. கடைக்குள் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார். யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எந்த வழியா போவே?” புது டயர் வேண்டும் என்பவனிடமும் அதுதான், மணி ரிப்பேர் என்பவனிடமும் அதுதான். சிலருக்கு எரிச்சல் வரும். நான் எங்கே போனால் உனக்கென்ன பாய் என்பார்கள். பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். வீலைத் தூக்கிப் பிடித்து, விரலால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே, பதில் வரும்வரை காத்திருப்பார்.

துறைமுகத்தில் கலாசி வேலை பார்த்த கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். அவர் சைக்கிளில் பின்வீல் கம்பி அடிக்கடி உடையும். உடைந்ததை மாற்றிக் கொடுப்போம், மறுபடி வருவார். ஒரு நாள் பாய் ஸ்டூலை விட்டு எழுந்து, வெளியே போய், அவருடைய கேரியரில் உட்கார்ந்துகொண்டார். என்னைத் துறைமுகம்வரை ஓட்டிக்கொண்டு போ என்றார். தெருவே நின்று பார்த்தது. திரும்பி வந்தபோது பாயின் முகம் வெளிறி இருந்தது. கன்னியப்பன் தினமும் கூட்டாளியைக் கேரியரில் வைத்துக்கொண்டு, கூட்ஸ் தண்டவாளங்களைக் குறுக்காகத் தாண்டாமல் சாய்வாகத் தாண்டுகிறார் என்பது அந்தச் சவாரியில்தான் தெரிந்தது. பின்வீல் முழுவதையும் அவிழ்த்து, செயின் பக்கத்துக் கம்பிகளை மட்டும் தடிமனாகப் போட்டு, எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் கொடுக்கும்படி இழுத்துக் கட்டச் சொன்னார். நான் தனியாகக் கட்டிய முதல் வீல் அது. அதற்குப் பிறகு கன்னியப்பன் காற்றடிக்க மட்டும்தான் வந்தார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, புருஷன் பெண்சாதி இரண்டு பேர் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். புருஷன் பெயர் சவரிமுத்து. எங்களுக்குப் பழக்கமானவர்தான். காசிமேட்டில் மீன் எடுத்து, சைக்கிளில் எண்ணூர்வரை போய், தோணியில் ஏற்றி ஆற்றைக் கடந்து, உப்பளக் கரை வழியாக அத்திப்பட்டுப் பக்கத்துக் குடிசைகளுக்கும் மீஞ்சூருக்கும் கொண்டு போய் விற்பார். ரயில் நிற்கிற மீஞ்சூரில் அவருக்கு வாடிக்கை குறைவு. ரயில் நிற்காத இடங்களில்தான் அதிகம். சில மாதமாக அவரைக் காணோம். வலது கையில் துணி சுற்றியிருந்தது. படகைக் கரையேற்றும்போது வடம் இழுத்து, கட்டை விரல் தவிர மற்ற விரல்கள் போய்விட்டன.

பேசியது அவர் மனைவி பிலோமினாதான். இனிமேல் நான் போகப் போகிறேன், எனக்குத் தோதாக இந்தச் சைக்கிளை மாற்றிக் கொடுங்கள் என்றார். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று பாய் கேட்டார். இரண்டு மாதமாக மாதா கோயிலுக்குப் பின்னால் மைதானத்தில் பழகியிருக்கிறார். ஜனங்கள் சிரித்தார்களாம், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாராம். சவரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாய் வழக்கம்போல எந்த வழி என்று ஆரம்பித்தார். அதற்கு மட்டும் சவரி நிமிர்ந்தார். எங்கே தார் முடிகிறது, எங்கே மணல், உப்பளக் கரையில் எந்த இடத்தில் களிமண், எங்கே கிளிஞ்சல் கொட்டியிருக்கிறது, மீஞ்சூருக்கு முன்னால் ஜல்லி எவ்வளவு தூரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

அவர்கள் போன பிறகு எதிர்க்கடை டீக்காரர் விஷயத்தைச் சொன்னார். சவரியின் அம்மா வழியில் யாரோ, பட்டணத்தில் ஒரு வீட்டில் எடுபிடி வேலைக்கு மூத்த பெண்ணை அனுப்பச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஈஸ்டர் கழிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள். பெண் பெயர் ஜெபமாலை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிலோமினா அக்கா மைதானத்தில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகியது அவளை அனுப்பாமல் இருக்கத்தான்.

முதலில் நாங்கள் செய்தது இதுதான். சைக்கிள் சவரியுடையது, உயரமான ஆம்பிளை சைக்கிள். பாரம் அதிகம் என்பதால் பின்னால் ரிக்‌ஷாவுக்குப் போடுகிற தடித்த டயர் போட்டோம். ஆழமான வெட்டு இருக்கும், மணலிலும் களிமண்ணிலும் பிடிக்கும் என்று நினைத்தோம். கம்பி தடிமன். முன் ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் தாங்கு கம்பி. நடுவில் குறுக்கே போகிற பார் உயரமாக இருந்ததால், கல்லில் கால் வைத்து ஏறிக்கொள்வதாக அக்கா சொன்னார்.

இரண்டு மூன்று தரம் போய் வந்தார். வானம் வெளுத்திருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு தூறல் விழுந்தது. அன்று மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கா கடை வாசலில் வந்து நின்றபோது, முழங்காலிலிருந்து பாதம்வரை உப்புச் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உதடு கிழிந்திருந்தது. பாய் எழுந்து தண்ணீர் கொடுத்தார். அக்கா குடித்துவிட்டுச் சொன்னார்:

“மீன அங்கியே உப்புல போட்டாச்சு பாய். இனிமே அது கருவாடுதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அன்று ராத்திரியே சவரி, போதும் விட்டுவிடு என்றாராம். மறுநாள் காலை பாய் கடையைத் திறக்கவில்லை. நான் பார்த்து, அந்தக் கடை விடுமுறை இல்லாத நாளில் மூடிக் கிடந்தது அப்போதுதான். பாய், நான், சவரி, அக்கா நான்கு பேரும் எண்ணூருக்கு பஸ்ஸில் போய், தோணியில் ஆற்றைக் கடந்து, அக்கா விழுந்த இடத்துக்கு நடந்தோம். பாய்க்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு இடத்திலும் நின்று, குனிந்து மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். உப்பளக் கரை ஒரு மாட்டு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்தி கட்டிய தண்ணீர். ஒரு இடத்தில் கரை தாழ்ந்து, மறுபடி ஏறும். அந்த இறக்கத்தில்தான் விழுந்திருக்கிறார். ஈரத்தில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கவில்லை. டயரின் வெட்டுக்குள் களிமண் ஏறி, மட்கார்டு வரைக்கும் அடைத்துக்கொண்டு வீல் நின்றுவிட்டது. கால் ஊன்றலாம் என்றால் பார் உயரம்.

பாய் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சொன்னார்: “சைக்கிள் மேல தப்பு இல்லமா. பாதயக் காதால கேட்டு வண்டி கட்டிட்டோம்.”

சவரிதான் அங்கே ஒரு விஷயத்தைச் சொன்னார். இந்த வழி முழுக்க ஒரே டயருக்குச் சரிப்படாது, ஆனால் பாரம் முழுக்க இருப்பது இந்தக் கரைவரைதான். கரை தாண்டியதும் குடிசைகள் வந்துவிடும், பாதி மீன் விற்றுவிடும், ஜல்லி ரோட்டுக்குப் போகும்போது கூடை லேசாகிவிடும். ஆகவே டயரை மணலுக்கும் கரைக்கும் பார்த்துப் போட்டால் போதும், ஜல்லிக்குக் காற்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். நீயும் வா, கடைக்கு வந்து உட்கார், உன் வாயால் சொல்லச் சொல்லக் கட்டுவோம் என்றார். வடம் கையை வாங்கிய பிறகு அவரை யாரும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது சைக்கிள் அப்படித்தான் உருவானது. முதலில் சட்டம், அதாவது ஃபிரேம். லேடீஸ் சைக்கிளில் பார் கிடையாது, ஏறி இறங்கச் சுலபம், ஆனால் பாரம் ஏற்றினால் நடுவில் முறுக்கும். கொருக்குப்பேட்டையில் ஒரு வெல்டிங் கடைக்குக் கொண்டு போய், இருக்கிற குழாய்க்கு இணையாக இன்னொரு குழாய் வைத்துப் பித்தளை ஒட்டுப் போட்டோம். வீல் சின்னது, இருபத்தாறு அங்குலம். சின்ன வீல் பாரத்தில் வளையாது, உட்கார்ந்தபடியே கால் தரையில் படும். டயர் அகலமானது, ஆனால் வெட்டு ஆழம் இல்லாதது, ஏறக்குறைய வழவழப்பானது. களிமண் ஒட்டினாலும் அடுத்த சுற்றில் உதிர்ந்துவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே என் உள்ளங்கை போகிற இடைவெளி விட்டோம். கேரியர் மேல் ஒரே பெரிய கூடை வைப்பதை விட்டு, இரண்டு பக்கமும் தாழ்வாக இரண்டு கூடை தொங்க இரும்பு வளையம் அடித்தோம். பாரம் கீழே இறங்கியதும் வண்டி ஆடுவது பாதியாகக் குறைந்தது.

பிரேக்தான் பாக்கி. ஈரத்தில் பிடிக்கிற பிரேக் வேண்டும். அதற்கு பாய் துறைமுகத்தில் சொல்லி வைத்திருந்தார். ஏதோ வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரன் விட்டுப்போன சைக்கிள் ஒன்று வந்தது. சட்டம் வளைந்து, ரிம் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனால் பின் ஹப் உயிரோடு இருந்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். ரிம் நனைந்தால் என்ன, சேறானால் என்ன, அதற்குக் கவலை இல்லை.

கடையில் நம் ஊர் ரிம்மை எடுத்து அந்த ஹப்பைப் பக்கத்தில் வைத்து எண்ணியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஹப்பில் முப்பத்தாறு ஓட்டை. நம் பின்ரிம்மில் நாற்பது. கம்பி கட்டினால் எப்படிக் கட்டுவது? ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு ஹப் தேட நேரமில்லை.

ரிம்மில் நாலு ஓட்டையைக் காலியாக விடுவது என்று முடிவு செய்தோம். கால் வட்டத்துக்கு ஒன்று. ஆனால் கம்பிகள் ரிம்மில் இடம் வலம் என்று மாறி மாறி வரும். சரியாகக் கால் கால் வட்டமாக எண்ணி விட்டால் நாலு காலியும் ஒரே பக்கத்தில் போய் விழுகிறது. அப்படி விட்டால் வீல் ஒரு பக்கம் சாயும். அதனால் ஓர் ஓட்டை முன்னே, ஓர் ஓட்டை பின்னே தள்ளி, இடத்துக்கு இரண்டு வலத்துக்கு இரண்டு வரும்படி சாக்பீஸில் குறி போட்டேன். காலி ஓட்டைக்குப் பக்கத்துக் கம்பிகள் எட்டவில்லை. அவற்றுக்கு மட்டும் நீளக் கம்பி வாங்கி அளவுக்கு வெட்டி, மரை போட்டேன். எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்து, ஒரு சுற்றுக்கு அரைத் திருப்பு என்று இறுக்கிக்கொண்டே வந்தேன். இறுக்க இறுக்க ரிம் ஒரு பக்கம் ஓடும், அதைச் சரிக்கட்டினால் இன்னொரு பக்கம் மேடு வரும். மூன்று தரம் அவிழ்த்தேன். பாய் ஒரு தரம்கூட வீலைக் கையில் வாங்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து, நான் கம்பியைச் சுண்டும்போது மட்டும், இது தாழ்வு, இது ஏற்றம் என்றார். கடைசியில் வீலைச் சுற்றிவிட்டுப் பக்கத்தில் நகத்தை வைத்தேன். சுற்று முழுக்க நகத்துக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரே அளவு வெளிச்சம் தெரிந்தது. கம்பியை அரிக்காத உப்புத்தண்ணி இல்லை என்பதால், எல்லாக் கம்பிக்கும் கிரீஸ் தடவி முடித்தோம்.

பின்மிதி பிரேக் பழக அக்காவுக்குச் சிரமமாக இருந்தது. ஏறும்போது பெடலைப் பின்னுக்குச் சுழற்றுவது எல்லோருக்கும் வழக்கம். அப்படிச் செய்தால் வண்டி நின்றுவிடும். மைதானத்தில் சவரி கூடவே ஓடி ஓடிச் சொல்லிக் கொடுத்தார். அக்காவிடம் திட்டும் வாங்கினார்.

போகிற நாள் காலையில் வானம் மூடியிருந்தது. முந்தின நாள் நல்ல மழை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அக்கா கேட்கவில்லை. இப்படிப்பட்ட நாளில் போகிற வண்டிதானே வேண்டும் என்று சொன்னோம் என்றார். என்னைக் கூடப் போகச் சொல்லி, கடையில் வாடகைக்கு விடும் சைக்கிள் ஒன்றை பாய் கொடுத்தார். நாங்கள் சைக்கிளில் போக, சவரி பஸ்ஸில் எண்ணூர்த் துறைக்கு வந்து, எங்களைத் தோணியில் ஏற்றிவிட்டு இக்கரையில் நின்றுகொண்டார்.

அக்கரையில் இறங்கியதும் அக்கா டயரிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்கினார். மணலில் டயர் பரந்து உட்கார்ந்தது. மிதிக்க வேண்டியிருந்தது, ஆனால் புதையவில்லை. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அப்புறம் கரை ஆரம்பித்தது.

கரையில் ஏறின கொஞ்ச தூரத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பின்வீலிலிருந்து. அடுத்தது ஒன்று, அப்புறம் இரண்டு. கம்பி போகிறது என்றுதான் நினைத்தேன். அக்காவை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்தினார். ஓடிப்போய் மண்டியிட்டு ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. இறுக்கும்போது முறுக்கிக்கொண்ட கம்பிகள், பாரத்தோடு கரை மேட்டில் குலுங்கியதும் முறுக்கு விட்டு ஓய்ந்திருக்கின்றன. புது வீலில் அது நடப்பதுதான். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த இடத்தில் அது தெரியாமல் போய்விட்டது. எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இன்னா தம்பி, ஜபம் பண்றியா என்றார் அக்கா.

அந்த இறக்கம் வந்தது. எதிரே, கரை மறுபடி ஏறுகிற இடத்தில், உப்பு மூட்டை ஏற்றிய ஒரு மாட்டு வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு முன்னால் அக்கா இறங்கிவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெடலைப் பின்னால் மிதித்தார். பின்வீல் சேற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய், மாட்டு வண்டியின் பின்பலகைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். ஒரு கூடையும் சாயவில்லை. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, யாரம்மா நீ என்று கேட்டதற்கு, மீன்காரி, வழிவிடு என்றார்.

அந்த இறக்கத்திலேயே என் சைக்கிளின் மட்கார்டுக்குள் களிமண் அடைத்துக்கொண்டது. மீதிக் கரை முழுக்க அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அக்கா முதல் குடிசைகளில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். உப்பளக் காவலாளியின் குடிசை ஓரத்தில் நின்று காற்றை அடித்து ஏற்றிக்கொண்டு ஜல்லி ரோட்டில் மீஞ்சூர் போனார். அங்கே கூடை காலியானது.

அந்த வீலில் அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு கம்பிதான் மாற்றினேன். டயர்கள் தேய்ந்தன, மாற்றினோம். செயின் உப்பில் போனது, மாற்றினோம். அக்கா வருஷக்கணக்கில் அந்த வழியில் போய் வந்தார். பின்னால் அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். அவர்களிடம் வழியைக் கேட்டுக்கொண்டு, கூடவே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கட்டினோம். சவரி கடைசிவரை எங்கள் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். சாமான் தேர்ந்தெடுக்க பாய்க்கு அவர் யோசனை வேண்டியிருந்தது.

அந்த முதல் நாள் திரும்பி வரும்போது வெயில் அடித்தது. தோணி இக்கரை நெருங்கும்போது சவரி காலையில் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கூடைகளைப் பார்த்தார். இடது கையால் கூடைகளைக் கழற்றி, ஆற்றுத் தண்ணீரில் அலசினார். அலசிக்கொண்டே சொன்னார்: “பட்டணத்து வூட்டுக்கு ஆள் சொல்லி வுட்டேன். பொண்ணு வராதுன்னு.”

அக்கா அப்படியே நின்றார். “எப்போ சொன்னே?”

“நீ தோணி ஏறினப்பவே.”

அக்கா சைக்கிளை அவரிடம் கொடுத்துவிட்டு, முட்டிவரை தண்ணீரில் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். சவரி அந்தச் சைக்கிளை, விரல் இல்லாத கையை ஹேண்டில்பாரின் மேல் சார்த்தி வைத்து, சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.